முதல் நாள் 38 பேர், மூன்றாம் மாதம் 6 பேர்: முதியோர் வகுப்பில் ஆள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் 210 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் எண்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகளோடு இருப்பதற்காக ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களுக்காக கிளப் ஹவுஸில் வாரத்துக்கு மூன்று நாள், மாலை 6 மணிக்கு, யோகா, பஜனை, ஸ்மார்ட்போன் வகுப்பு என்று தொடங்கினோம். முதல் நாள் 38 பேர் வந்தார்கள். இப்போது மூன்றாம் மாதம், 6 பேர்தான். என் மாமியார் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாற்பது வருடம் நெல்லும் மஞ்சளும் வைத்துப் பார்த்தவர், அவரே நாலு நாள் வந்துவிட்டு முட்டி வலி என்று நின்றுவிட்டார். "இவங்களுக்கு ஆர்வம் இல்லை, விட்டுடலாம்" என்கிறார்கள் சங்கத்தில். விட்டுவிடலாமா?

பதில்:

விடாதீர்கள். ஆர்வம் இல்லாதவர்கள் முதல் நாளே வந்திருக்க மாட்டார்கள். 38 பேர் சேலை மாற்றிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள் என்றால் அவர்களுக்கு வர ஆசை இருந்தது. வந்த இடத்தில் ஏதோ அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது என்ன என்று தேடுவதுதான் இப்போது உங்கள் வேலை.

முட்டி வலியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி பொய் இல்லை, ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் யார் மனதும் நோகாமல் விலகுவதற்குச் சொல்லும் காரணமும் அதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் நான் நடத்திய வகுப்புக்கு ஒரு அம்மா ஒரு நாள்கூட விடாமல் மூன்று வாரம் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். கேட்டபோது முட்டி வலி என்றார். ரொம்ப நாள் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அவர் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர், மண்டபத்தின் கழிவறை மாடியில், அதுவும் குந்தி உட்காரும் வகை. ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இத்தனை நாள் வகுப்பு எடுக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை, இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிவறையைத்தான் பார்க்கிறேன்: அதே தளத்தில் இருக்கிறதா, மேற்கத்திய வகையா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை ஈரமாகக் கிடக்கிறதா. உங்கள் கிளப் ஹவுஸை இந்தக் கண்ணோடு ஒரு தடவை சுற்றி வாருங்கள்.

அடுத்தது காது. ஆள் குறைவதற்கு நான் பார்த்த வரையில் இதுதான் முதல் காரணம், யாரும் வாயைத் திறந்து சொல்லாத காரணமும் இதுதான். வயதாகும்போது காது எல்லா ஒலியையும் சமமாக இழப்பதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை, அவை நன்றாகவே கேட்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளில் சொல்லைப் பிரித்துக் காட்டும் பகுதி மெல்லியது, உயர்ந்தது, அதுதான் நழுவுகிறது. அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல" என்கிறார்கள். இப்போது உங்கள் கிளப் ஹவுஸை நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை, நாலு மின்விசிறி. அங்கே மைக் வைத்தால் சத்தம் கூடும், எதிரொலியும் சேர்ந்து கூடும், தெளிவு வராது. நமக்கே கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரிவதில்லையே.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கிளப் ஹவுஸ் கூடத்தை விட்டுவிட்டுச் சின்ன அறைக்கு மாறுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், கண்ணாடி ஜன்னலுக்குத் துணித் திரை போடுங்கள், அதுவே எதிரொலியைக் குறைக்கும். வரிசையாக உட்கார வைக்காமல் ப வடிவில், பன்னிரண்டு பேருக்கு மிகாமல் உட்கார வையுங்கள். சொல்லித்தருபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது, அதில் காது கேளாமையும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. அப்படியென்றால், கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு நின்றுவிட்ட அந்த ஆள்தான் உங்கள் வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அந்த ஆள். அவரைத்தான் நாம் முதலில் இழக்கிறோம்.

மாலை 6 மணியை மாற்றுங்கள். அது வேலைக்குப் போகும் உங்களுக்குத் தோதான நேரம். அவர்களுக்கு அது விளக்கு வைக்கும் நேரம், பேரன் வீட்டுப்பாடம் செய்யும் நேரம், ராத்திரி டிபனுக்கு மாவு கரைக்கும் நேரம். வகுப்பு முடிந்து இருட்டில் படி இறங்கி வர வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், நமக்கு மங்கலாகத் தெரியும் படிக்கட்டு அவருக்குத் தெரியவே தெரியாது. மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டம் ஃபாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8 அன்று பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். எழுபது, எண்பது வயதுப் பெண்கள் இளஞ்சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, தோளில் பையோடு போய் மராத்தி எழுத்து படித்தார்கள். வகுப்பு மதியம் 2 முதல் 4 வரை. காட்டு வேலையும் அடுப்பு வேலையும் முடிந்து கை ஓயும் நேரம் அது. உங்கள் குடியிருப்பில் அந்த நேரம் எது என்று அவர்களிடமே கேளுங்கள். என் கணிப்பு காலை பத்தரை முதல் பன்னிரண்டு: பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், சர்க்கரை உள்ளவர்களின் மதியச் சாப்பாடும் தள்ளிப்போகாது.

சரி, இடமும் நேரமும் சரியானால் போதுமா? போதாது. என்ன சொல்லித்தருகிறீர்கள் என்பதில்தான் எனக்கு உங்கள் சங்கத்தோடு பெரிய கருத்து வேறுபாடு.

பஜனை நடக்கட்டும், நல்லதுதான், பத்துப் பேர் சேர்ந்து பாடினால் மனது லேசாகும். ஆனால் அவர்களுக்கு ஐம்பது வருடமாகத் தெரிந்த பாட்டையே பாட வைத்துவிட்டு அதை வகுப்பு என்று சொல்லக் கூடாது. அமெரிக்காவில் டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-இல் வெளியானது. சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை, சிலருக்குத் துணி ஒட்டுத் தையல், சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழுவுக்குப் பாடம் எதுவும் இல்லை, சேர்ந்து ஊர் சுற்றுவது, பேசுவது, சமைப்பது. கடைசியில் நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்கு, அதிலும் புகைப்படம் கற்றவர்களுக்கு. சும்மா கூடிப் பழகியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. கேமராவும் கணினியும் அவர்களுக்குப் புதிது, கஷ்டமானது, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடுதல் கஷ்டமானது. வாரத்துக்கு மூன்று நாள் நடக்கும் உங்கள் வகுப்பில் அதே பலன் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. வயதானவர்களுக்கு எளிதாக ஏதாவது கொடுப்போம் என்ற நல்லெண்ணத்தில் நாம் அவர்களுக்கு அலுப்பைத்தான் கொடுக்கிறோம்.

அதோடு "தாத்தா பாட்டி எல்லாரும் கை தட்டுங்க பாக்கலாம்" என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால் அவரை மாற்றிவிடுங்கள். பேரன் பேத்தி கூப்பிட வேண்டிய பெயர் அது. முப்பது வருடம் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவரை, தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியவரைக் குழந்தை போல நடத்தினால் அவர் மறுநாள் வரமாட்டார், காரணம் கேட்டால் முட்டி வலி என்பார். பெயரோடு ஐயா, அம்மா என்று கூப்பிடட்டும்.

ஸ்மார்ட்போன் வகுப்பை நான் எப்படி மாற்றுவேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் கையில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் விதி, அவர்கள் கையிலிருந்து போனை வாங்கிச் செய்து கொடுக்கவே கூடாது. உதவ வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாசத்தில் அவர்கள் பிடுங்கித்தான் செய்வார்கள். நாலு பேருக்கு ஓர் உதவியாளர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லட்டும். முதல் நாள் பாடம் எழுத்தைப் பெரிதாக்குவதும், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வைப்பதும் மட்டும்தான். வயதான விரல் காய்ந்திருக்கும், திரை சட்டென்று ஏற்காது, அழுத்தி அழுத்திப் பார்த்து வேறெங்கோ போய்விடும், உடனே "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று வைத்துவிடுவார்கள். அந்த ஒரு அமைப்பை மாற்றினால் பாதி பயம் போகிறது. செய்முறையை அச்சடித்துக் கொடுக்காதீர்கள், அவரவர் நோட்டில் அவரவர் வார்த்தையில் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் படமாக வரையட்டும். அடுத்த வகுப்பில் திரும்பச் சொல்லித்தராமல், நோட்டை மூடிவைத்து நினைவிலிருந்து செய்யச் சொல்லுங்கள், முட்டினால் மட்டும் நோட்டைப் பார்க்கலாம். நினைவிலிருந்து எடுத்துப் பழகினால்தான் தங்கும்.

பாடத்துக்கு ஒரு நிஜமான தேவை இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும், அரசின் ஜீவன் பிரமான் என்ற இணையச் சேவை வழியாக முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே தரலாம். அதை அக்டோபரில் பழக்குங்கள். யுபிஐ வகுப்பில் ஒன்றை மட்டும் பத்துத் தடவை சொல்லுங்கள்: பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை, பணம் வரும் என்று சொல்லி யார் பின் எண்ணைக் கேட்டாலும் அது திருட்டு. ஏமாந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930, முதியோருக்கான உதவி எண் 14567. இரண்டையும் அவர்கள் கையாலேயே போனில் சேமிக்கட்டும்.

அப்புறம் எனக்குப் பிடித்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன்: பறவை பார்ப்பது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று பார்த்ததைக் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் போதும், பால்கனியே போதும். போனில் படம் எடுப்பது, பெரிதாக்கிப் பார்ப்பது, பெயர் தேடுவது, செயலியில் எழுதுவது எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது. நமக்கு எல்லாமே குருவியாகத் தெரியும் இடத்தில், கிராமத்திலிருந்து வந்தவர்கள் தவிட்டுக்குருவி, கரிச்சான், செண்பகம், தேன்சிட்டு என்று பிரித்துச் சொல்வார்கள். ஒரு பாடத்தில் அவர்களுக்குப் பாதி முன்பே தெரிந்திருந்தால் மீதியைக் கற்கத் துணிவு வரும்.

யோகாவைப் பற்றிச் சுருக்கமாக. முதியோரைப் பழக்கிய அனுபவம் இல்லாதவரிடம் விடாதீர்கள். கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாகக் குனியும் ஆசனம் செய்யக் கூடாது, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து செய்வதே பெரும்பாலோருக்குப் போதும். கைப்பிடி உள்ள, வழுக்காத நாற்காலியாகப் பாருங்கள், பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் சறுக்கும்.

கடைசியாக, யார் சொல்லித்தருவது? 1973-இல் பிரான்சில் துலூஸ் நகரத்தில் மூத்த வயதினருக்கென்று பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது, அங்கே பேராசிரியர்கள் பாடம் எடுத்தார்கள். அதே யோசனை 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனபோது அதை மாற்றிவிட்டார்கள். ஆசிரியர், மாணவர் என்று பிரிவே இல்லை, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்றுத்தருவது. ஒருவர் வரலாறு எடுப்பார், அவரே அடுத்த அறையில் போய் தச்சு வேலை கற்பார். நமக்கு ஒத்துவருவது இந்த இங்கிலாந்து முறைதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஓய்வுபெற்ற ஆண்கள் வகுப்பு என்றால் வருவதில்லை, பொறுப்பு என்றால் வந்துவிடுவார்கள். பதிவேடு ஒருவரிடம், அறைச் சாவி ஒருவரிடம், பழைய பத்திரங்களில் உள்ள ஏக்கர், சென்ட் கணக்கைப் படித்துக் காட்டுவது ஒருவரிடம் என்று கொடுத்துப் பாருங்கள்.

இந்த வாரமே, வராமல் போன 32 பேர் வீட்டுக்கும் இரண்டு இரண்டு பேராகப் போங்கள். போன் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போடுவதும் வேண்டாம். "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு முட்டி வலிதான் பதில். "அந்த இடத்துல உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு, எந்த நேரம் தோது, நீங்க எங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க" என்று கேளுங்கள்.

முதல் வீடாக உங்கள் வீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் நடும் மஞ்சளை மொட்டை மாடியில் வைக்கலாமா, எத்தனை பை வேண்டும், விதைக் கிழங்கு எங்கே வாங்குவது என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.