மாதம் இவ்வளவுதானே! குடும்பக் கடன்: கேள்வி-பதில்

கே: நான், கணவர் இருவருமே சம்பாதிக்கிறோம். இருந்தும் இருபதாம் தேதிக்கு மேல் கை காய்ந்துவிடுகிறது. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன். எதை முதலில் அடைப்பது?

ப: முதலில் எல்லாவற்றையும் ஒரே தாளில், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எந்தத் தேதி. உங்களுக்குத் தெரியாத கடன் அவரிடமும், அவருக்குத் தெரியாதது உங்களிடமும் இருக்கலாம். சண்டை வரும், வரட்டும். பிறகு எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சம் பிடிப்பதை வட்டி அதிகமான கடனில் போடுங்கள். கணக்குப்படி அதுதான் லாபம். ஒரு சின்னக் கடனை முழுசாக ஒழித்தால்தான் வீட்டில் தெம்பு வரும் என்றால் அதை முதலில் முடியுங்கள். வட்டி கொஞ்சம் கூடப் போகும், பரவாயில்லை. ஆனால் அதுவரை கார்டைத் தேய்க்கக் கூடாது.

கே: குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை, நீங்கள்தான் ஸ்டேட்மென்ட்டைப் படிக்கவில்லை. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வையுங்கள். 100 பாக்கிக்கு 5 கட்டினால் 3 வட்டிக்குப் போகும், அசலில் கழிவது 2. புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் கடன் பாதியாகக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஆகும்.

கே: வட்டியில்லாத் தவணையில் டிவி வாங்கலாமா?

ப: இந்த 'வட்டியில்லா' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா கடன் கொடுக்க யாருக்கும் வேண்டுதல் இல்லை. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் ப்ராசஸிங் ஃபீஸ் என்று வேறு பெயரில் வரும், அதுவுமில்லை என்றால் ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. நானே இப்படி ஒரு கேமரா வாங்கினேன். அதே வாரம் நண்பர் ஒருவர் அதே கேமராவை ரொக்கத்துக்குப் பேரம் பேசி, என்னைவிடக் குறைவாக வாங்கி வந்து காட்டினார். எனக்குப் பன்னிரண்டு தவணையும் அப்படியே பாக்கி.

'ஃபிளாட் ரேட்' இதைவிட மோசம். 12 சதவீதம், ஒரே வருடம் என்பார்கள். மாதாமாதம் நீங்கள் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கு! மிச்சமிருக்கும் அசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம் வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்கவில்லை. ஆகவே இரண்டு கேள்வி: மொத்தத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை? 'மாதம் இவ்வளவுதானே' என்றால், எத்தனை மாதம்?

அது சரி, இருக்கிற டிவி ஓடுகிறதா? அதை எழுதவேயில்லை.

கே: பட்ஜெட் மூன்றே மாதத்தில் உடைந்துவிடுகிறது. பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் என்று திடீர் திடீரென்று வருகின்றன.

ப: பள்ளிக் கட்டணம் திடீரென்றா வருகிறது? வருடத்துக்கு ஒருமுறை வருவதையெல்லாம் கூட்டி, 12ஆல் வகுத்து, சம்பளத்தன்றே தனிக் கணக்கில் போடுங்கள்.

கே: கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டார். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ப: வெட்கப்பட வேண்டியது அந்த ஆள். கடன் நெருக்கும்போது யாராவது கை கொடுத்தால் பிடிக்கத்தான் தோன்றும். இன்றே வீட்டில் சொல்லுங்கள். பணம் அனுப்பிய ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழிக்காமல் போலீஸிலும் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டு ஏதும் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று இன்னொருவர் கூப்பிடலாம், அதற்கும் முன்பணம் கேட்பார். போனை வைத்துவிடுங்கள். தவணையைக் குறைக்கவோ நீட்டிக்கவோ கடன் கொடுத்தவரிடமே நேரில் கேட்கலாம். தவணை தவறுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.

கே: பிள்ளைகளிடம் கடனைப் பற்றிச் சொல்லலாமா?

ப: சொல்லுங்கள். தொகை வேண்டாம், இந்த வருடம் எதெல்லாம் வாங்கப்போவதில்லை என்று சொன்னால் போதும்.

கே: மைத்துனர் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். வெறும் சம்பிரதாயம்தானாம்.

ப: சம்பிரதாயம் என்றால், கடன் கொடுப்பவர் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்பது எதற்கு? அவர் கட்டாவிட்டால் உங்களிடம் வாங்கத்தான்.