அடுப்பை மூட்டும் முன் கடைவீதிக்குப் போங்கள்

நான் சுடும் தட்டுவடையை உறவினர் எல்லோரும் புகழ்கிறார்கள். நகையை அடகு வைத்து ஐம்பதாயிரம் ரூபாயில் தொழில் தொடங்கலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

நகை பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா. வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர் குறை சொல்ல மாட்டார். காசு கொடுத்து வாங்கி, மறுவாரமும் தேடி வருகிற அயலார்தான் உங்கள் கைப்பக்குவத்துக்குச் சான்று.

சேலத்தில் தட்டுவடை என்பது ஒரு தொழில் அல்ல, இரண்டு. சட்னி தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துச் செட் போட்டுத் தரும் வண்டிக்காரர்களுக்கு ஒரே அளவில் சின்னதாக, மொறுமொறுப்பாக, நாள் தவறாமல் வேண்டும். விலையில் கறாராக இருப்பார்கள். வீட்டுக்கு வாங்குபவர் பாக்கெட்டில் ருசியையும் கெடாமல் இருப்பதையும் பார்ப்பார். நீங்கள் எவருக்காகச் சுடப் போகிறீர்கள்?

மாலைக் கூட்டம் சேரும் முன், நான்கு மணி வாக்கில், பத்து வண்டிக்காரர்களிடம் பேசுங்கள். எங்கே வாங்குகிறார்கள், நாளுக்கு எத்தனை, உடைந்தது யார் கணக்கில், பணம் கையிலா வாரக் கணக்கா என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பாக்கெட் என்றால் முதலில் இருபது மட்டும் போடுங்கள். அதில் பத்தை, உங்களைத் தெரியாத இரண்டு கடைகளில் வையுங்கள். கமிஷன் எவ்வளவு, விற்காதது திரும்பி வருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மீதியை வீட்டில் வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். எந்த வாரம் எண்ணெய் காறல் வாடை அடிக்கிறதோ, அதற்கு வெகு முன்பே உறையில் அச்சிடும் காலக்கெடு முடிந்துவிட வேண்டும்.

அடக்க விலை போடும்போது மாவு, எண்ணெய், கேஸ், உறை எல்லாம் எழுதும் பெண்கள், தங்கள் கூலியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்றால், அந்த நேரத்துக்கு வெளியே என்ன கூலி கிடைக்குமோ அதையும் செலவில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் லாபம்.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வாங்கித் தர ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊறுகாய்க்கு வேறு பதிவு வேண்டுமா?
– வாசகர், சூரமங்கலம்

கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. ஊறுகாய்க்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். வீட்டுச் சமையலறை என்பதால் விலக்கு இல்லை. அந்தப் பதிவின் பதினான்கு இலக்க எண் உறையில் இருக்க வேண்டும்.

காகிதக் குவளை இயந்திரம் வாங்கினால், செய்ததையெல்லாம் தாங்களே எடுத்துக்கொள்வதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

தம்பி, இதில் அவர்களுடைய லாபம் இயந்திரம் விற்றவுடனே முடிந்துவிடுகிறது. பிறகு "தரம் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிச் சரக்கைத் திருப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓராண்டுக்கு முன் அவர்களிடம் வாங்கிய மூன்று பேரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பாருங்கள். நிறுவனத்தார் அழைத்துப் போய்க் காட்டுபவர்களை அல்ல. அதே இயந்திரத்துக்கு வேறு இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் இடம்பெற்றது. நீங்கள் செய்யப் போகும் குவளையின் உள்பூச்சு எது, அதற்கு அனுமதி உண்டா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்துமூலம் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஜவ்வரிசி வடாம் போட்டு விற்க ஆசை. ஐப்பசியில் தொடங்கலாமா?
– வாசகி, தாதகாப்பட்டி

வேண்டாம், அம்மா. மழைக்காலத்தில் வடாம் காயாது, பூஞ்சை பிடிக்கும். மாசி தொடங்கி வெயில் இருக்கும்போதே போட்டு, மழை மாதங்களுக்கும் இருப்பு வைக்க வேண்டும். அவ்வளவு சரக்கை ஈரம் படாமல் வைக்க வீட்டில் இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஜவ்வரிசி விலையைச் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில் மூட்டைக் கணக்கில் விசாரியுங்கள்.

ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. வறுத்து அரைத்து வீட்டிலிருந்தே விற்றால் கட்டுபடியாகுமா?
– வாசகர், ஏற்காடு

ஆகலாம், ஐயா. ஆனால் எடைக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். வறுக்கும்போது பச்சைக் கொட்டை நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை எடை இழக்கும். பச்சைக் கொட்டை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வறுத்த கொட்டையின் அடக்கமே கிலோவுக்கு 470 முதல் 500 ரூபாய். விறகு, அரவை, உறை, கூலி எல்லாம் அதற்கு மேல். சொந்தத் தோட்டம்தானே என்று கொட்டையை இலவசமாக நினைக்காதீர்கள். வியாபாரியிடம் விற்றால் வரும் விலைதான் உங்கள் கொள்முதல் விலை. சிக்கரி கலப்பதானால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலப்பின் அளவை உறையில் சொல்லியாக வேண்டும்.

மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைக் கண்டு ஆண்டுக் கணக்குப் போட வேண்டாம். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைக் கடைகளில் நாள் முழுக்க நின்று, எத்தனை பொட்டலம் விற்கிறது என்று எண்ணுங்கள். மறுநாள் மலையிறங்கி, மாதா மாதம் காப்பித்தூள் வாங்கும் சேலத்து வீடுகள் இருபதில் விசாரியுங்கள். இரண்டு கணக்கையும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.