சொந்தமாகச் செய்யும் மெக்கானிக்கல் விசைப்பலகைக்கு எந்த ஃபர்ம்வேர் நல்லது: க்யூஎம்கேயா, வயலா, இசட்எம்கேயா?

சிப்பை இன்னும் வாங்கவில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை. நான் சிப்பை வாங்கிவிட்டு, அதற்குள் இருந்து விசைகளைக் கவனிக்கும் நிரலான ஃபர்ம்வேரைப் பிறகு யோசித்தவன். 48 விசை, கம்பி இணைப்பு போதும், நிரல் எழுதத் தெரியாது, தமிழும் தட்டச்ச வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் ஆர்பி2040 சிப் உள்ள பலகையும் வயல் ஃபர்ம்வேரும்தான் சரி. காரணம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

சேலம் செவ்வாய்பேட்டையில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று காலை முதல் இரவு வரை தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டச்சுதான். விரல் வலி வந்த பிறகு நானே ஒரு விசைப்பலகை செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். 4 வரிசை, 12 நெடுவரிசை. 48 ஸ்விட்சுக்கு 48 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்னப் பாகம்). பக்கத்துக் கொலுசுப் பட்டறை நண்பர்தான் பற்றவைத்துக் கொடுத்தார். வெள்ளி வளையத்தையே கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவர், டயோடின் கறுப்புக் கோடு எந்தப் பக்கம் என்பதில் மட்டும் ஒரு முறை தவறினார். அந்த ஒரு விசை மட்டும் வேலை செய்யாமல் கிடந்தது. திருப்பிப் போட்டதும் சரியாயிற்று.

சிப்புக்காக நான் வாங்கிய சின்னப் பலகை ப்ரோ மைக்ரோ. அதிலிருக்கும் ஏடிமெகா32யு4 சிப்பின் நினைவகம் 32 கேபி. அதில் 4 கேபியை, புது ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் துவக்க நிரல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 28,672 பைட். இதில் வயலைப் போட்டு, ஆசைக்கு ஒரு குட்டி ஓஎல்இடி திரையையும் சேர்த்தேன். ஃபர்ம்வேர் அளவு மீறிவிட்டது என்று தொகுப்பி (எழுதிய நிரலைச் சிப்புக்கான கோப்பாக்கும் மென்பொருள்) கையை விரித்தது. மவுஸ் விசைகளை நீக்கினேன், திரையை நீக்கினேன், கடைசியில் வயலையே நீக்கிவிட்டு வெறும் க்யூஎம்கேயுடன் நின்றேன். ராஸ்ப்பெரி பை பிக்கோவில் ஆர்பி2040க்கு 2 எம்பி நினைவகம் இருக்கிறது. இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது. பொத்தானை அழுத்தியபடி செருகினால் பென் டிரைவ் மாதிரி தெரியும். கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

இந்தப் பெயர்களின் உறவையும் சொல்லிவிடுகிறேன். வயா, வயல் இரண்டுக்கும் அடிப்படை க்யூஎம்கே. அது சி மொழியில் எழுதியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பத் தொகுத்து ஏற்ற வேண்டும். வயா என்பது அதன்மேல் வரும் வசதி: பிரவுசரில் பலகையின் படம் வரும், விசையைச் சொடுக்கி மாற்றினால் அந்த நொடியே மாறிவிடும். ஆனால் உங்கள் பலகையின் வடிவத்தை விவரிக்கும் கோப்பைத் தனியாகத் தர வேண்டும். வயல் (நெல் வயல் அல்ல) க்யூஎம்கேயின் கிளை. அந்த விவரம் ஃபர்ம்வேருக்குள்ளேயே இருப்பதால் எந்தக் கணினியில் செருகினாலும் பலகை தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எழுத்து வரும்படிச் செய்வதையும் நிரல் எழுதாமல் அதிலேயே அமைக்கலாம். ஒன்று மட்டும்: கையால் செய்த பலகைக்கு முதல் தடவை வயல் கோப்புகளை நீங்களே எழுதித் தொகுத்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். கேஎம்கே என்று பைத்தானில் ஒன்று உண்டு. விளையாடிப் பார்க்க நல்லது, அன்றாட வேலைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி தமிழ். ஃபர்ம்வேருக்குத் தமிழ் தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது என்ற எண்ணை மட்டும்தான் அது அனுப்பும். அதை எழுத்தாக்குவது கணினி. அதனால் தமிழ்99ஐ ஃபர்ம்வேருக்குள் எழுதப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். ஆனால் விசைகளின் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். தமிழ்99இல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. 48 விசைப் பலகையில் அந்த இரண்டும் அடிப்படை அடுக்கில் (வேறு விசையைப் பிடிக்காமல் நேராகத் தட்டக் கிடைக்கும் எழுத்துகளில்) இருக்காது. ஆங்கிலத்தில் அது பெரிய இழப்பில்லை. தமிழில் ச இல்லாமல் எத்தனை வரி எழுதுவீர்கள்? நான் அதைக் கட்டைவிரல் விசைக்குக் கொண்டுவந்தேன். சும்மா தட்டினால் ச, பிடித்திருந்தால் கண்ட்ரோல். அதே போல, நடு வரிசை எழுத்துகளைப் பிடித்தால் ஷிஃப்ட், கண்ட்ரோல் ஆகும் அமைப்பை ஆங்கிலத்தில் தட்டச்சுகிறவர்களைப் பார்த்து அப்படியே போடாதீர்கள். இடது சுட்டுவிரலின் கீழே நமக்குப் புள்ளி இருக்கிறது. தமிழில் அதைவிட அதிகம் அடிபடும் விசை அபூர்வம்.

இப்படி இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பது முதல் மாதத்தில் ஐம்பது தடவையாவது நடக்கும். அதற்குத்தான் வயல். சரி, வயல் இருக்கும்போது மூல நிரல் (சோர்ஸ் கோட்) எதற்கு என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

மாமா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கணக்கு பார்க்கிறார். மழைக்காலத்தில் இரண்டு மாதம் அவருக்கு என் பலகையைக் கொடுத்திருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித் திரும்பி வந்தபோது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுவாரம் ஒருவர் பத்திரிகைப் படியைக் கையில் பிடித்தபடி வந்தார். “எங்கள் மகள்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “எங்கள் மக்கள்”. “தம்பி, எனக்கு ஒரே மகள்தான். ஊர் மக்களுக்கெல்லாம் நான் எங்கே கல்யாணம் செய்து வைப்பது?” என்றார். க விசை ஒரு தட்டலுக்கு இரண்டு முறை பதிந்திருக்கிறது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கிலமாக இருந்தால் எழுத்துப் பிழை என்று கண்ணில் பட்டிருக்கும். இங்கே சுத்தமான இன்னொரு சொல்லாகி நின்றது.

மலை ஈரமோ, நான் வாங்கிய மலிவு ஸ்விட்சோ, உள்ளிருக்கும் உலோக இதழ்கள் தொட்டதும் நிலைக்காமல் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல் அடங்கும்வரை ஃபர்ம்வேர் பொறுத்திருக்க வேண்டும். க்யூஎம்கேயில் இயல்பான பொறுமை 5 மில்லிவிநாடி. மூல நிரல் என்னிடம் இருந்ததால் ஒரு வரியில் 10 ஆக்கினேன். கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிறகு அந்த ஸ்விட்சையும் மாற்றினேன் என்பது வேறு. யாரோ தொகுத்துக் கொடுத்த கோப்பை மட்டும் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. வயலில் செய்தாலும் மூலக் கோப்புறையை அழித்துவிடாதீர்கள்.

மாமாவுக்குப் பிறகு கம்பியில்லாமல் ஒன்று செய்து கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார். கம்பியில்லை என்றால் இசட்எம்கே பக்கம் போய்விடுங்கள். மூல நிரலைத் திறந்தே தர வேண்டும் என்கிற க்யூஎம்கேயின் ஜிபிஎல் உரிமமும் சிப் நிறுவனங்களின் மூடிய புளூடூத் நிரல்களும் ஒத்துப்போவதில்லை. இசட்எம்கே கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில், ஸெஃபிர் இயங்குதளத்தின்மேல் எழுதியது; மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஆனால் அதற்கு என்ஆர்எஃப்52840 மாதிரி புளூடூத் உள்ள சிப் வேண்டும். ஆர்பி2040இல் கம்பியில்லாமல் பேசும் வசதியே கிடையாது.

ஒன்று விட்டுப்போயிற்று. புது ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கான துவக்க நிலைக்குப் போகும் விசையை ஏதாவது ஓர் அடுக்கில் கட்டாயம் வையுங்கள். என் முதல் பலகையில் ரீசெட் பொத்தான் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. 5ஐ 10 ஆக்கிய அந்த ஒரு வரியை மாற்றுவதற்கு எட்டுத் திருகாணியைக் கழற்றினேன்.