சான்றிதழ் இருக்கிறது, புகார் எங்கே?

கேள்வி: ஊட்டியில் ஒரு கடையில் மிஷினில் போட்ட சால்வையை 'தோடர் எம்பிராய்டரி' என்று கூசாமல் விற்கிறார்கள். புவிசார் குறியீடு (ஒரு வட்டாரப் பொருளின் பெயருக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு) வாங்கிய பொருளுக்கே இந்தக் கதி என்றால், போலிகளை ஒழிக்கும் அரசு முயற்சி எல்லாம் வெறும் பேச்சுதானா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சட்டம் வெறும் பேச்சு இல்லை, அம்மா. பொய்யாகப் புவிசார் குறியீட்டைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரன்ட் இல்லாமலே சோதனை போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் அதற்கு முன் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். பதிவகம் இருப்பது சென்னையில். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் சீசன் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடாதா?

அப்புறம், யாராவது புகார் கொடுக்க வேண்டுமே! பெரிய கம்பெனியின் ஷூவுக்கோ சோப்புக்கோ போலி வந்தால், கம்பெனியே ஆள் வைத்துக் கடை கடையாகத் தேடி, வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போகிறது. ரெய்டும் நடக்கிறது. மந்தில், அதாவது தன் குடியிருப்பில், உட்கார்ந்து கையால் தைக்கும் தோடர் பழங்குடிப் பெண் அதற்கு எங்கே போவார்?

அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். துணியில் கோடு வரைவதில்லை, ஃபிரேமில் மாட்டுவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோக்கிறார். விரலால் தடவினால் பூ வேலை மேடாகத் தட்டுப்படும். பூத்துக்குளி என்னும் தோடர் போர்வையை இரண்டு பக்கமும் போர்த்தலாம். அச்சடித்த போலித் துணியைத் திருப்பினால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும். இந்த உழைப்புக்கு உரிய விலையைத்தான் போலிக்காரன் பாதியாக அடித்துப் போடுகிறான்.

2013-ல் இந்தக் குறியீட்டைப் பெற்றவர்கள் தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பு, பூம்புகார் ஆகிய மூவரும். பூம்புகார் என்பது தமிழக அரசின் நிறுவனம். ஆக, சொத்தின் பங்குதாரரே அரசுதான். பாதிக்கப்பட்டவர் வந்து மனு கொடுக்கட்டும் என்று அரசு காத்திருக்க வேண்டியதில்லை, தானே புகார்தாரராக நிற்கலாம். நிற்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய அன்று எடுத்த போட்டோவோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

ஒரு சிக்கலும் உண்டு. குறியீடு காப்பது முக்கியமாகப் பெயரைத்தான். 'டிரைபல் டிசைன்' என்று சீட்டு ஒட்டிவிட்டால் பிடிப்பது கஷ்டம். நீங்கள் பார்த்த கடைக்காரர் 'தோடர்' என்றே சொல்லி விற்கிறார் அல்லவா? சரி, அடுத்த முறை அந்தப் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். துணியின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பில் நகலோடு எங்களுக்கு அனுப்புங்கள். கலெக்டர் அலுவலகத்திலும் பூம்புகாரிலும் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். என்ன பதில் வருகிறதோ, அதை இதே பக்கத்தில் போடுவோம்.