பாட்டி மடி சீட் ஆகுமா?

(கார் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை குழந்தைகளைப் பற்றிய கேள்விகள்.)

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு 8 மாதம். பாண்டிச்சேரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அடிக்கடி காரில் போகிறோம். முன் சீட்டில் மாமியார் அவளை மடியில் வைத்துக்கொள்கிறார். பேபி சீட் வாங்கலாம் என்றால், "நாலு பிள்ளைகளை மடியில் வைத்துத்தான் வளர்த்தேன்" என்கிறார். இந்தக் கொஞ்ச தூரத்துக்கு சீட் அவசியமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அவசியம். ஆனால் சீட் வருகிறவரை காத்திருக்காமல் இன்றைக்கே குழந்தையை முன் சீட்டிலிருந்து பின்னால் மாற்றுங்கள். 2022-க்குப் பிறகு தயாரான கார் என்றால் டேஷ்போர்டுக்குள் நிச்சயம் ஏர்பேக் இருக்கும். அது பெல்ட் போட்ட பெரிய ஆளின் தலையையும் மார்பையும் தாங்குவதற்காகச் செய்தது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். மடியில் இருக்கிற குழந்தையின் தலை அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

சரி, பின் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நிற்க, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தில் 8 கிலோ குழந்தை கையிலிருந்து சுமார் 160 கிலோ இழுவையோடு பிய்த்துக்கொண்டு போகும். உங்கள் மாமியார் மட்டுமல்ல, ஜிம்முக்குப் போகிற என் மகனும் பிடிக்க மாட்டான். மாமியார் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய எடையும் குழந்தை மேல்தான் வந்து விழும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டாலும் இதே கதைதான்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் பிள்ளை வளர்த்த காலத்து வண்டியும் வேகமும் வேறு. இப்போது நாலு வழிச்சாலையில் எல்லோரும் 80-க்குக் குறையாமல் போகிறோம். பழைய ரோட்டில் போனாலும் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று பிரேக் மேல் பிரேக்தான். சாயங்காலம் கன்னியக்கோயில் பக்கம் எந்தச் சந்திலிருந்து எந்த பைக் எப்படி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்குகிற சீட், குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பொருத்துவதாக இருக்கட்டும். இந்த வயதில் தலை கனம், கழுத்து பலவீனம். பின்னோக்கி உட்கார்ந்தால் மோதலின் அடியை முதுகும் தலையும் சேர்த்து சீட்டின் மேல் வாங்கிக்கொள்ளும். முன்னோக்கி உட்கார்ந்தால் முழுவதையும் கழுத்து வாங்கும். ஐரோப்பாவின் புதிய விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கி என்கிறது. அந்த சீட்டின் எடை, உயர அளவு இடம் கொடுக்கிறவரை அப்படியே விடுவது இன்னும் நல்லது. லேபிளில் நம் நாட்டுத் தரக்குறியான ஏஐஎஸ் (AIS) 072 அல்லது ஐரோப்பியத் தரக்குறியான, வட்டத்துக்குள் ஆங்கில 'E' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் சிக்கிய பழைய சீட்டை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பொருத்துவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பின் சீட்டின் முதுகும் அடிப்பாகமும் சேரும் இடுக்கில் கை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படலாம். அதுதான் ஐசோஃபிக்ஸ். உங்கள் பேபி சீட்டில் அதற்கான கொக்கி இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் தோள்பட்டையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டில் கட்டுங்கள். மாட்டிய இடத்தருகே பிடித்து உலுக்கினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையைக் கட்டுகிற பேபி சீட்டின் தோள் வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக் கூடாது. பின்னால் இடது பக்கம் வைத்தால், ரோட்டோரமாக நின்று நிம்மதியாக ஏற்றி இறக்கலாம்.

மாமியாருக்கு அந்த சீட்டுக்குப் பக்கத்து இடத்தைக் கொடுங்கள். கிலுகிலுப்பை, பால் பாட்டில் எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கட்டும். பேத்தியின் முகம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

கேள்வி: ஆறு வயதுப் பையன். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று தோள் பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறான். இடுப்பில் இருந்தால் போதாதா?
— நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: போதாது. மோதும்போது உடம்பு இடுப்போடு மடிந்து, பட்டை வயிற்றுக்குள் இறங்கும். குடலும் முதுகெலும்பும் அடிபடும். பையன் சொல்வது நியாயம்தான், அந்த பெல்ட் பெரியவர்கள் அளவுக்குச் செய்தது. பூஸ்டர் சீட் வாங்குங்கள். அவனைக் கொஞ்சம் உயர்த்தி உட்கார வைக்கும். பட்டை தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின் மேலும் வந்துவிடும். தலையணை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், வேண்டாம். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வருகிறவரை பூஸ்டர் தேவைப்படும். ஆறு வயதில் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வான்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194-பி: 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப்போனால் அபராதம் 1,000 ரூபாய். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் இதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அங்கே பார்ப்பதெல்லாம் டிக்கியைத்தான்.

கேள்வி: பீச் ரோட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் சன்ரூஃபில் நின்றுகொண்டு வர ஆசைப்படுகிறார்கள். மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா?
— முதுநகர் வாசகர்

பதில்: வண்டி நின்றபின் நிற்கட்டும்.

கேள்வி: நேரு வீதியில் துணி எடுக்கப் போனால் குழந்தை காரிலேயே தூங்கிவிடுகிறது. ஏசி போட்டுவிட்டு பத்து நிமிடம் விட்டுவிட்டுப் போகலாமா?
— அரியாங்குப்பம் வாசகி

பதில்: கூடாது. வெயிலில் நிற்கிற கார், பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி வரை கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு நம்முடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஏசி ஓடுகிறதே என்றால், இன்ஜின் அணைந்துபோனால் கடைக்குள் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், நேரு வீதியில் பத்து நிமிடத்தில் துணி எடுத்து வந்தவரை நான் பார்த்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள், அல்லது ஒருவர் வண்டியில் இருங்கள். வெயிலில் நிறுத்தியிருந்த காரில் திரும்ப உட்கார வைக்கும் முன் பெல்ட் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் அந்த இரும்பு தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போதே மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனால் போதும்.