யூடியூபில் பார்க்கிற மாதிரி வடசென்னையில் தூண்டில் போட்டு ‘பாஸ்’ மீன் பிடிக்க முடியுமா? சீசன் தொடக்கத்தில் நண்பர்களோடு எப்போது, எங்கே போகலாம்? பிடித்ததைச் சாப்பிடலாமா?

பிடிக்கலாம். ஆனால் நீங்கள் யூடியூபில் பார்த்ததாகச் சொல்லும் அந்த மீன் இங்கே கிடையாது. அமெரிக்காக்காரர்கள் ஏரியில் படகு மேல் நின்று பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸ் நன்னீர் மீன். நம்மிடம் இருப்பது கொடுவா. ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. பேரில்தான் பாஸ், இரண்டும் வேறு வேறு குடும்பம். சண்டை போடுவதில் நம்முடையது ஒரு படி மேலே என்பது என் கட்சி. அமெரிக்க மீனை நான் பிடித்ததே இல்லை என்பதால் இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

நான் திருவொற்றியூர்க்காரன். பதினோரு வருடமாக இரண்டு நண்பர்களோடு எண்ணூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறேன். ஒருவன் தண்டையார்பேட்டை, இன்னொருவன் எர்ணாவூர். எங்களுக்குள் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ‘சீசன் தொடக்கம்’ என்ற சமாச்சாரம். நீங்கள் பார்த்த வீடியோக்களில் அது குளிர்காலம் முடிந்து தண்ணீர் 15, 16 டிகிரிக்கு ஏறுகிற நேரம். பாஸ் முட்டை போட ஆழத்திலிருந்து கரையோரம் வரத் தொடங்கும். அதனால்தான் அவர்கள் தண்ணீரின் சூட்டை அளந்துகொண்டே இருக்கிறார்கள். எண்ணூரில் தை மாதத்துத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதை அளந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே பார்க்க வேண்டியது உப்பு.

கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியிலிருந்து தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. புழல் ஏரியின் உபரிநீரும் மணலி, சடையங்குப்பம் வழியாக இதே இடத்துக்குத்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கழிமுகம் முழுக்க டீ நிறத்தில் ஆற்றுத் தண்ணீர்தான். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வரும். தூண்டிலைப் போட்டால் தூண்டில் இழையான நரம்பில் அதுதான் மாட்டும். அப்போது போய் நின்று நாங்கள் இரண்டு வருடம் வீணடித்தோம்.

எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கும் பெரியவர். எல்லோரும் நைனா என்பார்கள், நாங்களும் அப்படித்தான். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். மூன்றாவது வருடமும் நாங்கள் வெறுங்கையோடு பைக்கை எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தியா?”

எண்ணூர்த் தண்ணீரை நாக்கில் வைக்கச் சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரே ஒரு விரலை நனைத்து உதட்டில் தொட்டுப் பார்த்துத் துப்பினார். “இன்னும் ஆத்துத் தண்ணிதான் கீது. கொடுவாக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான், அது ஏரியிலயும் இருக்கும், கடல்லயும் இருக்கும். எறாலுக்கு அப்பிடி இல்ல. உப்பு ஏறினாத்தான் எறா உள்ள வரும். எறா வந்தா அது பின்னாலயே வரும்.”

அன்றிலிருந்து எங்கள் சீசன் பேப்பரில் தொடங்குகிறது. பூண்டியில் உபரிநீர் திறப்பு நின்றது என்று செய்தி வந்த நாளிலிருந்து மூன்று வாரம் எண்ணுவோம். பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வந்து நிற்கும். மழை குறைந்த வருடத்தில் மார்கழியிலேயே வந்துவிடும், பெருவெள்ளம் வந்தால் மாசிக்குத் தள்ளிப்போகும். தண்ணீர் டீ நிறத்திலிருந்து பச்சைக்கு மாறியிருக்க வேண்டும், மடவை மீன் குஞ்சுகள் கரையோரம் துள்ள வேண்டும், கொக்கு வரிசையாக நிற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நான் இப்போதும் வைப்பதில்லை.

மாதம் சரியாக இருந்தாலும் நேரம் தப்பினால் போச்சு. கொடுவா இரையைத் துரத்திக்கொண்டு ஓடுகிற ஜாதி இல்லை. பாலத்துத் தூண், பாறை, அலையாத்தி வேர் என்று ஏதாவது மறைவில் நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவருவதை ‘டபக்’கென்று வாய் திறந்து உறிஞ்சும். தண்ணீர் ஓடாவிட்டால் அதற்குச் சாப்பாடு வராது, நமக்கும் வேலை இல்லை. ஆகவே கடல்நீர் உள்ளே ஏறுகிற ஏற்றமும் இறங்குகிற வற்றமும் மாறி ஓட்டம் பிடிக்கிற அந்த முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலமாக இருக்கும். அப்புறம் ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை ஆறுக்குக் கடித்தது என்று புதன்கிழமையும் ஆறு மணிக்குப் போய் நின்றால் கொசுதான் கடிக்கும்.

இரைக்கு உயிர் இறாலை மிஞ்சி ஒன்றும் இல்லை. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பனையோலையில் முடைந்த பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி, அகப்பட்டதை அதில் போடுவார்கள். இரண்டு மணி நேரம் அப்படி இருந்து பார்த்தால்தான் ஓர் இறாலின் விலை தெரியும். நாங்கள் அவர்களிடம்தான் வாங்குவோம். பேரம் பேச மாட்டோம். வாளியில் உயிரோடு வைத்திருந்து, தலையில் கொம்புக்குக் கீழே தெரியும் கறுப்புப் புள்ளியில் படாமல் தூண்டில் முள்ளை ஏற்ற வேண்டும். புள்ளியில் பட்டால் இறால் செத்துவிடும், செத்த இறாலுக்குக் கெளுத்திதான் வரும்.

சாமான் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஏழடி ராடு, நடுத்தர ரீல், 30 பவுண்டு தாங்குகிற பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, போதும். ஆனால் முனையில் ஒன்றரை முழத்துக்கு 50 பவுண்டு தங்கூஸ் கட்டாயம் வேண்டும். கொடுவாவுக்குப் பெரிய பல் கிடையாது, வாய்க்குள் அரம் மாதிரி சொரசொரப்புதான். வெட்டுவது செவுள் மூடி. அதன் ஓரம் பிளேடு. மீன் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போது மெல்லிய நரம்பு அதில் பட்டால் அறுந்தது அறுந்ததுதான். பிடித்த பிறகும் செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கிப் போஸ் கொடுக்காதீர்கள்.

போன வருடம் காணும் பொங்கல் அன்று ஊரே மெரினாவுக்குப் போக, நாங்கள் எண்ணூருக்குப் போனோம். கூட என் மச்சான், மனைவியின் தம்பி. அவனுக்கு அதுதான் முதல் தடவை. ஆன்லைனில் வாங்கிய ரப்பர் மீன்களை ஒரு பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னான். எர்ணாவூர் அதைப் பார்த்துவிட்டு, “மச்சி, இதுல எதுக்கும் காது குத்தலையா?” என்றான். விடியற்காலை நாலே முக்காலுக்குக் கழிமுகத்துப் பாலத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தோம். வற்றம் கடைசியில் இருந்தது. தண்ணீர் அசையவே இல்லை.

ஐந்தரைக்கு மச்சானுக்கு ஒன்று மாட்டியது. கெளுத்தி. நாங்கள் “தொடாதே” என்று சொல்லி முடிப்பதற்குள் கையால் பிடித்துவிட்டான். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக அதற்கு மூன்று முள், மூன்றிலும் விஷம். கட்டைவிரல் மூட்டில் ஏறிவிட்டது. ஆறடி ஆள் பாறையில் சுருண்டு உட்கார்ந்து அழுதான். டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். கடைக்கார அக்கா கையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு சொம்பு சுடுதண்ணீரை நீட்டி, “பொறுக்குற சூட்டுல முக்கி வைப்பா, எடுக்காத” என்றார். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். அரை மணி நேரத்தில் அழுகை நின்றது, ஒரு மணி நேரத்தில் பஜ்ஜி கேட்டான். (முள் உடைந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். நாங்களும் அன்று மாலை போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.)

நான் மச்சானோடு டீக்கடையில் இருந்தபோதுதான் ஏற்றம் திரும்பியிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்தேன். மூன்றாவது தூணுக்கு அருகே மடவைகள் சிதறிப் பறந்தன. தண்டையார்பேட்டையின் ராடு கைப்பிடி வரை வளைந்திருந்தது. ஒரே ஒரு தடவை மீன் மேலே வந்தது. வெள்ளி நிறம், அகலமான முதுகு, தலையை இரண்டு முறை உதறியது. ஐந்து கிலோ என்று நான் சொல்வேன், அவன் எட்டு என்பான். அடுத்த நொடி அது தூணைச் சுற்றிப் பின்பக்கம் போயிற்று. தூண் முழுக்கச் சிப்பி அப்பியிருக்கும், ஒவ்வொன்றும் கத்தி. பிரெய்டு பட்டென்று அறுந்தது. அவன் ராடைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றான்.

திரும்பும் வழியில் நைனாவிடம் கதையைச் சொன்னோம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, “அது அதோட வூட்டுக்குப் போயிடுச்சி, நீயும் உன் வூட்டுக்குப் போ” என்றார்.

சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுவா ருசியான மீன், காசிமேட்டில் அதற்கென்று ஆள் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடத்தில் ஆழமே குறைந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் வந்தது. அதற்கடுத்த தை மாதம் நாங்கள் தூண்டிலை எடுக்கவே இல்லை. போய்ப் பார்த்தோம், தூண்களில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. படகும் வலையும் தாராகிப் போனவர்களிடம் எங்கள் பொழுதுபோக்கைப் பற்றி என்ன பேசுவது? பிழைப்புக்காக அங்கே பிடிப்பவர்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், விற்கிறார்கள். விட்டுவிட்டு வருவது எனக்கு இருக்கிற வசதி, அவ்வளவுதான். சாப்பிடத்தான் பிடிக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் வடக்கே பழவேற்காடு போங்கள்.

அப்படிப் போனால் பெரியதை விட்டுவிட்டு நடுத்தரத்தை எடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடம் ஆணாகவே இருந்து, பிறகு பெண்ணாக மாறும். அதனால் பெரிய மீன் என்றால் பெரும்பாலும் பெண், முட்டை போடுகிற தாய். இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையைச் சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ல்தான் நம் நாட்டில் முதன்முதலாகச் செய்து காட்டியது. நாம் ஒரு கொக்கியில் இழுத்துப் போடுகிற தாயின் மதிப்பு அவர்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. வலை கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொண்டு தலைமுறையாகச் செய்கிறார்கள். அவர்களே முறைக்காகக் காத்திருக்கும்போது நாம் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் முந்திக்கொள்வது அழகில்லை. கரையில் இருப்பவரிடம் “அண்ணே, இங்க போடலாமா?” என்று கேளுங்கள். இதுவரை ஒருவரும் எங்களை விரட்டியதில்லை. பாதிப் பேர் கூடவே உட்கார்ந்து, நாம் முடிச்சுப் போடுவது தப்பு என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

எண்ணூருக்கே வருவதாக இருந்தால் மின்சார ரயிலில் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கலாம், இல்லையென்றால் மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். தேய்ந்த செருப்போடு பாறையில் ஏறாதீர்கள், சிப்பி காலைக் கிழிக்கும். மச்சான் இந்த வருடம் தோல் கையுறை வாங்கி வைத்திருக்கிறான். ரப்பர் மீன் பெட்டியையும் விடவில்லை. பாலத்துக்குக் கீழே எந்தத் தூணில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது தூணில் மட்டும் தண்டையார்பேட்டை உட்கார்ந்திருப்பான், அவனிடம் எடையைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். இப்போது பத்துக் கிலோ என்கிறான்.