தாமரைத் தொட்டியில் உட்காரும் பளபள வண்டு எது?

பால்கனித் தொட்டியில் தாமரையும் கங்கோங் கீரையும் வளர்க்கிறீர்கள், இலையெல்லாம் ஓட்டை, மேலே பளபளப்பாகச் சின்ன வண்டு. என்ன வண்டு, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோலாலம்பூரில் தொட்டி வைத்திருப்பவன்தான்.

முதலில் நிறத்தை விடுங்கள், எந்தச் செடியைத் தின்கிறது என்று பாருங்கள். இலைவண்டுகளில் பல ஒரே செடிக் குடும்பத்தை விட்டு நகராது.

கங்கோங் இலையில் தங்க நிறமாக, ஓட்டின் விளிம்பு ஒளி ஊடுருவும்படி, தலையும் காலும் உள்ளே மறைந்திருந்தால் அது ஆமைவண்டு. சர்க்கரைவள்ளிக் குடும்பம்தான் அதற்குச் சாப்பாடு, கங்கோங்கும் அதே குடும்பம். வண்டு செத்தால் அந்தத் தங்க நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். நிறத்தை நம்பாதீர்கள் என்பது இதனால்தான். இலையடியில் அதன் புழுவையும் தேடுங்கள். உடம்பு ஓரமெல்லாம் முள்ளாக, உரித்த தோலையும் எச்சத்தையும் வால் கவட்டையில் சேர்த்து முதுகுக்கு மேல் குடையாகப் பிடித்திருக்கும்.

தாமரையிலும் அல்லியிலும் ஒல்லியான உடம்பு, நீண்ட உணர்கொம்பு, பச்சை அல்லது செம்பு மினுக்கம், தடித்த பின்தொடை என்றால் டொனேசியா என்ற, நீர்ச்செடிகளில் வாழும் இலைவண்டு வகையாக இருக்கலாம். மெதுவாகத் திருப்பினால் வயிற்றில் தண்ணீர் ஒட்டாத வெள்ளி மயிர் தெரியும். இதன் புழு சேற்றுக்குள் வேரில் வாழ்கிறது. வால்பக்கத்து இரண்டு கொக்கிகளை வேரில் குத்தி, செடி தன் வேருக்கு அனுப்பும் காற்றையே எடுத்துக்கொள்ளும். காற்றே இல்லாத சேற்றில் இப்படி ஒரு வழி! எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குப் பிரமிப்புதான்.

அதனால் இலைமேல் அடிக்கும் மருந்து அந்தப் புழுவை எட்டாது. கொசுவுக்காக விட்ட கப்பி மீன்கள்தான் செத்து மிதக்கும். செடியை மாற்றி நடும்போது வேரை அலசி, ஒட்டியிருக்கும் பழுப்புக் கூடுகளைக் கிள்ளி எடுங்கள். சுங்கை பூலோ நர்சரியில் புதுச் செடி வாங்கினாலும் வேரைப் பார்த்துவிட்டே தொட்டியில் இறக்குங்கள்.

சரி, குழப்பும் ஆட்களும் உண்டு. முகம் மூக்காக நீண்டிருந்தால் கூன்வண்டு, ஆகாயத்தாமரையில் வருவது அதுதான். தட்டையான பின்னங்காலால் துழாவி நீந்தினால் நீச்சல் வண்டு, அது இலையைத் தொடாது. இலையிலிருந்து முட்டை வடிவத் துண்டு வெட்டுப்பட்டு மிதந்தால் வண்டே இல்லை, அந்துப்பூச்சிப் புழு.

அப்புறம், படம் போடும்போது முதுகை மட்டும் எடுக்காதீர்கள். வயிற்றுப்பக்கம், பின்னங்கால், கடித்த இலை மூன்றும் வேண்டும்.